நீர்வாயில் பாட்டுக்கு உரியவர்

ஒரு பாட்டுக்கு இரண்டு பெயர் போடுகிற நாடு நெடுநாள் நிலைக்காது என்பது புலவன் மருதங்காரியின் கொள்கை. விளையாட்டாகச் சொன்னதன்று. மூன்று அவைகளில் எழுந்து நின்று, மேலாடையைச் சரி செய்துகொண்டு, கண் இமைக்காமல் சொன்னது. அவன் பிறந்த குன்றநாட்டிலோ, பாட்டு ஏடு ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘சொல் இன்னார், பண் இன்னார்’ என்று இரண்டு பெயர்களைப் பொறிப்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம். நம் கதை தொடங்கும் மாலைப்பொழுதில் குன்றநாடு அழிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தபடியால், அவனுடைய கொள்கைக்கு மறுக்க முடியாத சான்று ஒன்றும் கிடைத்திருந்தது.

வாசகப் பெருமக்களே, அந்த மாலையைச் சற்றே நின்று பாருங்கள். மேற்கு வானில் குங்குமத்தை அள்ளி இறைத்துவிட்டுக் கதிரவன் மறைந்துகொண்டிருக்க, கிழக்கே கோட்டையின் இடிந்த கொத்தளத்துக்கு மேலே முழுமதி, தான் வந்த வீட்டில் துக்கம் நடந்திருக்கிறது என்று அறியாத விருந்தாளியைப்போல எட்டிப் பார்க்கிறது. செவ்வலை ஆறு தன் கரைகளில் கிடந்த உடைந்த வேல்களையும் கருகிய நாணல்களையும் ஒரே பரிவோடு நனைத்துக்கொண்டு, யார் வென்றார் யார் தோற்றார் என்ற கவலை சிறிதும் இன்றிக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆற்றின் நடுவே உள்ள மணல்திட்டில் முள் வெட்டிப் போட்டு அடைத்த இரண்டு பட்டிகள். ஒன்றில் ஆண்கள், மற்றொன்றில் பெண்கள். வேலிக்கு வெளியே மேல்நாட்டு வீரர்கள் தங்கள் குதிரைகளைக் குளிப்பாட்டியபடியே ஒரு பாட்டை முணுமுணுக்கிறார்கள்.

“ஆறே, செவ்வலை ஆறே, நீ
அவர் ஊர் வழியாய்ப் போவாயோ?
வேறே ஒன்றும் கேட்கவில்லை,
விளக்கு வைத்தாள் என்று சொல்.”

குன்றநாட்டின் பாட்டு அது. முற்றுகை நடந்த மூன்று மாதமும் அந்தி சாயும் வேளையில் கோட்டை மதிலின் மேல் நின்று ஒரு பெண் அதைப் பாடுவாள். கோட்டையைக் கைப்பற்ற மேல்நாட்டுப் படைக்கு மூன்று மாதம் பிடித்தது. அந்தப் பாட்டு அந்தப் படையைக் கைப்பற்ற மூன்று நாள் போதுமானதாக இருந்தது. ஊருக்குத் தூது போன வீரர்கள் அதைத் தங்கள் தலைநகருக்கும் கொண்டு போனார்கள். அங்கே அரசர் கேட்டார். கேட்டுவிட்டு ஓர் ஓலை அனுப்பினார்.

அந்த ஓலைதான் அன்று காலை பட்டியில் வாசிக்கப்பட்டது. ‘நீர்வாயில் பாட்டை இயற்றியவர் ஒருவரைப் படகேற்றி நம் அவைக்கு அனுப்புக. ஏனையோர் உப்பளத்துக்கு.’ கீழைக் கடற்கரை உப்பளத்துக்குப் போனவர்கள் இரண்டு மழைக்காலத்தைக் கண்டதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே நண்பகலுக்குள் ஆண்கள் பட்டியில் மட்டும் பதினோரு பேர் அந்தப் பாட்டை இயற்றியிருந்தார்கள்.

மருதங்காரி வேலியோரம் சாய்ந்து உட்கார்ந்து இவ்வளவையும் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அச்சமே இல்லை. கோட்டையின் நீர்வாயிலில், ஆற்றைப் பார்த்த கல்லில், பாட்டின் நான்கு செய்யுளும் வெட்டப்பட்டிருந்தன. கீழே இருந்தது அவன் பெயர்.

“எங்கிட்டயும் நியாயம் இருக்குது, புலவரே,” என்றான் பாகன் வேம்பன், பக்கத்தில் வந்து குந்தி. “அந்தப் பாட்டோட தாளம் என் யானையோட நடை. நீங்க கொத்தளத்துல நின்னு அதைப் பார்த்துப் பார்த்துத் தொடையில தட்டுனீங்க. கீழ இருந்து நான் பார்த்தேன்.”

“அப்படியானால் படகில் யானையைத்தான் ஏற்ற வேண்டும்.”

“அது செத்துப்போச்சு,” என்றான் பாகன். “அதனாலதான் நான் கேக்குறேன்.”

மருதங்காரி வாய் திறப்பதற்குள் கல்தச்சன் ஏறன் புகுந்துகொண்டான். “யானை நடந்ததெல்லாம் இருக்கட்டும். ஓலையில நீங்க கீறினதைக் கரையான் தின்னுபோட்டுது. இன்னைக்கு இருக்குற பாட்டு கல்லுல இருக்குறது. அதுல ஒவ்வொரு எழுத்தும் என் உளியில வந்தது.”

“உனக்கு எழுத்துப் படிக்கத் தெரியுமா, ஏறா?”

“அது எதுக்கு? நீங்க காவியால வரைஞ்சு வெச்சீங்க. கோட்டு மேலயே நான் வெட்டுனேன்.” சற்று நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைங்க, புலவரே. நீங்க எழுதலைன்னு ஒரு வார்த்தை சொன்னா, நான் போய்க்குவேன். உங்களுக்கு இன்னொரு பாட்டு வரும்.”

“தத்துக் கொடுக்கச் சொல்கிறாய்,” என்றான் மருதங்காரி. “வடகரையில் ஒரு புலவர் இருந்தார், கேட்டிருக்கிறாயா? தான் எழுதிய பாட்டை மைத்துனனுக்குப் பெண் கிடைக்கட்டும் என்று அவன் பெயரில் விட்டார். அவருக்குத் ‘தத்துத் தகப்பனார்’ என்று பெயர் வைத்தவன் நான்தான். தெருவில் போனால் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டன. கடைசியில் ஊரைவிட்டே போய்விட்டார். பெயரைப் பங்கு போடுகிறவன் பாதிப் புலவன். பெயரையே கொடுத்துவிடுகிறவன் பெற்ற பிள்ளையைச் சந்தையில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறவன். அவனுக்கு எதற்கு எழுத்தாணி?”

ஏறன் கோபித்துக்கொள்ளவில்லை. “எனக்குத் தெரியல,” என்று மட்டும் சொல்லி எழுந்து போனான்.

அன்பர்களே, குன்றநாட்டு வழக்கப்படி ஏட்டில் ‘பண்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு. அதை இப்போது சொல்லிவிடுவதே முறை.

சீருடையாள் என்பது அவள் பெயர். யாழ் மீட்டும் பாணர் குலத்தில் பிறந்தவள். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த ஒரு திங்கள் முழுதும், நீர்வாயில் மண்டபத்தில், அவன் சொல்லச் சொல்ல அவள் பண் கட்டினாள். சொல் பண்ணுக்காக வளைந்ததா, பண் சொல்லுக்காக நெகிழ்ந்ததா என்று இருவருக்குமே தெரியாமல் போன நாட்கள் அவை. தை பிறந்ததும் திருமணம் என்று பேசி, வெற்றிலைத் தட்டும் மாற்றிக்கொண்டார்கள். பிறகு அரங்கேற்றம் வந்தது. அவள் பாடினாள். அவை எழுந்து நின்றது. ஏடு எழுதுகிறவன் இரண்டு பெயர்களையும் கேட்டான். ஏட்டில் இடமில்லை என்றான் மருதங்காரி. இடமில்லாத அந்த ஏட்டில் ‘செந்நாவேந்தன்’, ‘சொல்மழை’, ‘குன்றநாட்டுக் குயில்’ ஆகிய தன் மூன்று பட்டங்களையும் வரிசை தவறாமல் எழுதச் செய்தான். கல்லிலும் அப்படியே ஏறிற்று.

சீருடையாள் சண்டை போடவில்லை. மறுநாள் வெற்றிலைத் தட்டு அவன் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அதன்பின் பதினான்கு மாதம் அவள் அவனோடு ஒரு சொல் பேசியதில்லை. முற்றுகைக் காலத்தில் நாள்தோறும் மதிலேறி அந்தப் பாட்டைப் பாடியவள் அவள்தான். நாள்தோறும் எதிர்க் கொத்தளத்தின் இருளில் நின்று கேட்டவன் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அவன் எதற்குப் போகிறான் என்று யாராவது கேட்டால், காவல் பார்க்க என்பான்.

நிலவு மதிலை விட்டு ஒரு முழம் ஏறியபோது மேல்நாட்டுப் படையின் தண்டநாயகர் விடங்கர் பட்டிக்கு வந்தார். நரைத்த மீசையும் தூக்கமில்லாத கண்களுமாக, போரைவிடப் போருக்குப் பிந்திய வேலைகளில் களைத்துப்போன மனிதர். மணலில் போட்ட பலகையில் அமர்ந்து உரிமை கோரியவர்களை ஒவ்வொருவராகக் கேட்டார். கோட்டைச் சமையற்காரர், புலவருக்குத் தொண்டை கட்டியபோது சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்ததே தாம்தான் என்று வாதாடித் தோற்றுத் திரும்பினார். கடைசியாக மருதங்காரி.

“கல்லில் உள்ள பெயர் அடியேனுடையது,” என்றான் அவன்.

“கல்லில் பெயர் உள்ளவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், புலவரே. எங்கள் அரசர் பெயர் நாற்பது கோயில்களில் இருக்கிறது. அவர் ஒரு செங்கலைத் தூக்கி நான் கண்டதில்லை.” விடங்கர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். “பாட்டில் இருப்பது என் குதிரைக்காரனுக்கே தெரியும். இல்லாததைச் சொல்லும். எழுதும்போது எதைக் கழித்தீர்? என் தகப்பனார் பாட்டுக் கட்டியவர். எங்கள் வீட்டில் அடுப்புக்கு விறகு வாங்கியதே இல்லை. அவர் கழித்துப் போட்ட ஓலையே போதுமாயிருந்தது.”

“பிறர் கழிப்பார்கள், தண்டநாயகரே. என் எழுத்தாணி ஒருமுறை கீறியதை மறுமுறை கீறியதில்லை.”

“சமையற்காரரும் இதையேதான் சொன்னார்.”

பட்டியில் சிலர் சிரித்தார்கள். அப்போது பின்னாலிருந்து பாகன் வேம்பன் எழுந்து, “அந்தப் பாட்டை முதல்ல பாடுன அம்மா பெண்கள் பட்டியில இருக்காங்க, ஐயா. அவங்களைக் கேளுங்க,” என்றான்.

அழைத்துவர ஆள் போயிற்று. அதற்குள் விடங்கர் எல்லோரையும் பார்த்துப் பொதுவாக ஒன்று சொன்னார். “ஓலையில் ‘ஒருவர்’ என்று இருக்கிறது. இன்னாரும் இன்னாரும் சேர்ந்து எழுதினோம் என்று யாரும் வரக்கூடாது. வந்தால், பாட்டுக்கு உரியவர் இல்லை என்று எழுதிவிட்டு இருவரையும் உப்பளத்துக்கு அனுப்பிவிடுவேன். அரசருக்கு விளக்கம் எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை.”

சீருடையாள் வந்தாள். பன்னிரண்டு நாள் புழுதி அவள் கூந்தலில் படிந்திருந்தது. கைகளில் கயிறு கட்டிய தழும்பு. விடங்கர் கேட்டதையே கேட்டார். அந்தப் பாட்டிலிருந்து கழித்தது ஏதாவது உண்டா?

“உண்டு,” என்றாள் அவள். “ஐந்து செய்யுள் இருந்தது. மூன்றாவதைக் கழித்தாயிற்று.”

“பாடும், நங்கையே.”

அவள் கண்களை மூடிக்கொண்டாள். யாழ் இல்லை. ஆற்றின் ஒலிதான் சுருதி.

“திரையில் ஓடம் தள்ளி விட்டேன்,
திரும்பி வந்தது வெறுமையாய்;
நுரையில் எழுதி அனுப்பி வைத்தேன்,
நூறு கல்லில் உடைந்ததே…”

மருதங்காரி அதை அடையாளம் கண்டுகொண்டான். அவன் எழுதியது. அவனேதான் எழுதினான். மழைக்காலத்து ஒரு பிற்பகலில், மண்டபத்துக்கு வெளியே கரையில் நனைந்துகொண்டு நின்ற அவளைப் பார்த்துக்கொண்டே எழுதினான். அரங்கேற்றத்தில் அவள் இரண்டாம் செய்யுளிலிருந்து நேரே நான்காவதற்குத் தாவியபோது அவன் திடுக்கிட்டதும் உண்மை. ஆனால் அவை எழுந்து நின்று ஆரவாரித்தது. தான் எழுதியதே நான்குதான் என்று அன்றிரவே எல்லோரிடமும் சொன்னான். சொல்லிச் சொல்லி, பிறகு நம்பியும் விட்டான்.

அவள் பாதியில் நிறுத்திவிட்டுக் கண்களைத் திறந்தாள். விடங்கரைப் பார்க்கவில்லை. பதினான்கு மாதத்துக்குப் பின் முதன்முறையாக அவனைப் பார்த்தாள்.

“மீதி நான்கு வரியை அவரைச் சொல்லச் சொல்லுங்கள்,” என்றாள்.

அதில் ஏளனம் இல்லை என்பதை அவன் கண்டான். சேர்ந்து எழுதியவர்கள் என்றால் இருவருக்குமே உப்பளம் என்று விடங்கர் சொன்னது அவள் வருவதற்கு முன். அவளுக்கு அது தெரியாது. அவன் தனக்குக் கொடுக்க மறுத்த பங்கை அவள் அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

விடங்கர் திரும்பினார். “மீதி தெரியுமா, புலவரே?”

தெரியும் என்று சொல்லி, அவள் வெறும் பாடகிதான், சொல்லெல்லாம் என்னுடையது என்று சேர்த்துக்கொண்டால் படகு அவனுக்கு. வாழ்நாள் முழுதும் அவன் சொல்லிவந்த கொள்கையும் அதுதானே. அவள் உப்பளத்துக்குப் போவாள். இருவரும் சேர்ந்து கட்டினோம் என்ற உண்மையைச் சொன்னால் இருவருமே உப்பளத்துக்கு. நான்கு வரியும் அவன் நாக்கின் நுனியில் வந்து நின்றன. இவ்வளவு நல்ல வரிகளைத் தானா எழுதினோம் என்று, அந்த நிலையிலும், வெட்கமில்லாமல் ஒரு கணம் வியந்தான்.

“தெரியாது,” என்றான்.

“நினைவுபடுத்திப் பாரும்.”

“தெரியாததை எப்படி நினைவுபடுத்துவது, தண்டநாயகரே?”

சீருடையாளின் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. பின்பு அவளே பாடினாள். முன்னைவிடத் தாழ்ந்த குரலில், எவருக்காகவும் இல்லாமல்.

“கரையில் நிற்கும் உனக்கு எந்தன்
பெயரும் தெரிய வேண்டுமோ?
குரலே வந்து சேர்ந்த பின்பு
கூவியவர் யார் என்பதேன்?”

குதிரைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் கை ஓய்ந்து நின்றார்கள். “இருக்கிற நான்கையும்விட இது உயர்ந்தது,” என்றார் விடங்கர். “இதை ஏன் கழித்தாய், அம்மா?”

“எழுதிய நாளில் அது பொய்,” என்றாள் அவள். “பொய்யைப் பாட எனக்கு வராது.”

விடங்கர் தலையசைத்தார். அதற்கு மேல் அவருக்குச் சான்று தேவைப்படவில்லை. படகை நெருங்கச் சொல்லிவிட்டு மருதங்காரியை ஏற இறங்கப் பார்த்தார். அவன் தலை குனிந்திருந்தான். அதைக் குற்றவாளியின் வெட்கமாகவே அவர் எடுத்துக்கொண்டார். “நீர்வாயில் கல்லைப் படியெடுத்துத் தலைநகருக்கு அனுப்பப் போகிறேன். அதில் பொய்ப்பெயர் இருக்கக்கூடாது. இங்கே எழுதத் தெரிந்தவர் நீர் ஒருவர்தான். அந்தத் தச்சனை அழைத்துக்கொண்டு போய் உம் கையாலேயே மாற்றும். பிறகு மற்றவர்களோடு நடக்கலாம்.”

படகுக்குப் போகும் வழியில் அவள் அவனைக் கடந்தாள். காவலர்களுக்குக் கேட்காதபடி நின்று சொன்னாள்.

“என்னைப் பற்றி நீர் எழுதியது அது ஒன்றுதான், புலவரே. அதையாவது நினைவில் வைத்திருப்பீர் என்று எண்ணியிருந்தேன்.”

வாய் திறந்தால் உண்மை வந்துவிடும். உண்மை வந்தால் அவள் அந்தப் படகில் ஏற மாட்டாள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

“ஆற்றில் பனி இறங்கும்,” என்றான். “போர்த்திக்கொள்ள ஏதாவது கேட்டு வாங்கிக்கொள்.”

அவள் படகில் ஏறினாள். துடுப்புப் பிடிக்கும் வீரர்களும் ஏறியதும் ஓடக்காரன் கோலை ஊன்றினான். நிலவு கொட்டிய வெள்ளிப்பாதையில் படகு மெல்ல விலகிற்று. அதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டு நிற்க அவனுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. இரண்டு வீரர்கள் அவனையும் ஏறனையும் முழங்காலளவு தண்ணீரில் நீர்வாயிலுக்கு நடத்திப் போனார்கள்.

ஏறன் முதலில் பழையதைச் செதுக்கி எடுத்தான். செந்நாவேந்தன் சில்லுச் சில்லாகத் தெறித்து ஆற்றில் விழுந்தான். சொல்மழை உதிர்ந்தது. குன்றநாட்டுக் குயில் போயிற்று. கடைசியாக மருதங்காரி என்ற ஆறு எழுத்தும் தூசியாயின. ஏறன் கையால் தடவிப் பார்த்துவிட்டுக் காவிக் கிண்ணத்தை நீட்டினான்.

“புலவரே,” என்றான் காதோடு. “இவனுங்க மேல்நாட்டானுங்க. நம்ம எழுத்துத் தெரியாது. எனக்கும் தெரியாது. நீங்க எதை வரைஞ்சாலும் நான் வெட்டிடுவேன். படியெடுக்குறவன் வர்றதுக்குள்ள நாம போயிடுவோம், அவளும் அரண்மனைக்குப் போயிடுவா. யார் வந்து கேக்கப்போறா?”

மருதங்காரி தூரிகையைக் காவியில் தோய்த்தான். ஒருமுறை கல்லின் மேல் வைத்து எடுத்துவிட்டான். பிறகு வரையத் தொடங்கினான். அரங்கேற்ற நாளில்கூட அவன் அவ்வளவு நிதானமாக எழுதியதில்லை. எழுதி முடித்து விலகி நின்றான்.

ஏறன் உளியை எடுத்தவன், கல்லுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய் இரண்டு வரியையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

“பட்டம் ஒண்ணும் போடலையா?”

“இல்லை.”

“‘சொல்’லுங்குற கோடும் ‘பண்’ணுங்குற கோடும் எனக்கே பழக்கம். எத்தனை கல்லு வெட்டியிருக்கேன். அதுக்குப் பக்கத்துல ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி இருக்குதே, அதுவும் உங்க பேரோட கோடு இல்லையே. கை தப்பிப்போச்சா?”

ஆற்றின் வளைவுக்கு அப்பாலிருந்து மேல்நாட்டு வீரர்களின் துடுப்பொலியும், அந்தத் துடுப்புக்கு ஏற்ப அவர்கள் இழுத்துப் பாடும் முதலாம் செய்யுளும் மங்கலாகக் கேட்டன. பண் சற்றே பிசகியிருந்தது. அவள் திருத்துவாள்.

“தப்பில்லை,” என்றான் மருதங்காரி. “வெட்டு.”

முதல் உளி விழுந்ததும் அவன் திரும்பி, கயிற்றோடு காத்திருந்த வீரனிடம் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான்.